எனக்கு எட்டாத அடுப்பு மேடை

அந்தக் காலத்தில் எனக்கு ஆம்பளைகளிடம் பேச வராது. வராது என்றால், வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே போகணும் என்று கேட்டால் பக்கத்து சீட்டு அம்மாவின் காதில் ஊரைச் சொல்வேன். அவர் கண்டக்டரிடம் சொல்வார். ஒரு தடவை அந்தம்மா தூக்கக் கலக்கத்தில் தன்னுடைய ஊருக்கே எனக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டுவிட்டார். நானும் அவரோடு இறங்கி, அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ரோட்டு ஓரமாகவே நடந்து எங்கள் ஊர் புதுவாயலுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கு பஸ் வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்படிப்பட்டவள் ஒரு மேஸ்திரியிடம் வேலை வாங்கினேன் என்று சொன்னால் என் பிள்ளைகளே நம்புவதில்லை. வேலை வாங்கினேன் என்பது கூட அதிகம்தான். முடியப்போன வேலையை நிறுத்தினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

எங்களுக்குக் கல்யாணம் ஆகி இரண்டாவது வருஷம் அது. எழுபத்து நாலோ எழுபத்தைந்தோ, சிமெண்டுக்கு பர்மிட் வாங்கவேண்டியிருந்த நாள். இவர் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் சேர்ந்திருந்தார். அதற்கு முன்னால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் மாசச் சம்பளம் பார்த்தவர் கிடையாது, அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள்தான். அதனால் இவருக்குச் சம்பளம் வர ஆரம்பித்ததும் கம்பெனியில் பார்ப்பதெல்லாம் வீட்டிலும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. ஒரு நாள் ஆபீசர் வீட்டுக்கு ஏதோ சாமான் தூக்கிக்கொண்டு போனவர், அந்த வீட்டம்மா நின்றுகொண்டே சமைப்பதைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அதே பேச்சு.

"குனியறதே இல்ல மே. அடுப்பு மேல கீது, அவங்க பக்கத்துல நிக்கறாங்க. அவ்ளோதான்."

அடுப்பு ஏதோ மரத்தில் ஏறிவிட்ட மாதிரி சொன்னார். நான் அப்போது வீட்டுக்குப் பின்னால் ஓலைச் சாய்ப்புக்குக் கீழே, தரையில் மண்ணடுப்பு வைத்து, உட்கார்ந்துதான் சமைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மழைக்காலத்தில் மட்டும் ஓலை ஒழுகும், ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாக உட்கார்ந்திருப்பேன். ஆனால் இவர் சொல்லச் சொல்ல எனக்கும் ஆசை வந்துவிட்டது. நின்றுகொண்டே தாளிக்கிற மாதிரி கனவுகூட வந்தது. கனவில் நான் கொஞ்சம் உயரமாகவும் இருந்தேன்.

நிஜத்தில் நான் குள்ளம். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது.

ஓலைச் சாய்ப்பைப் பிரித்துவிட்டு செங்கல் சுவர் வைத்து, மேலே ஓடு போட்டு, தரைக்கு சிமெண்ட் பூசி, ஒரு பக்கம் முழுக்க கடப்பா கல் போட்ட மேடை கட்டுவது என்று முடிவாயிற்று. ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரியைப் பேசிக் கூட்டி வந்தார் இவர். ஒல்லியான ஆள், காதில் எப்போதும் ஒரு பென்சில். ரசமட்டத்தைத் துண்டில் சுற்றி, பிறந்த குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வருவார். யாரைப் பார்த்தாலும் நைனாதான். வேலையில் குறை என்று யாராவது சொல்லிவிட்டால் பதில் பேசமாட்டார், ரசமட்டத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு பீடி குடிக்கப் போய்விடுவார். அதற்குள்ளே இருக்கிற நீர்க்குமிழி நடுவில் நின்றால் அவர் ஜெயித்தார் என்று அர்த்தம். எப்போதும் நடுவில்தான் நிற்கும்.

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வேலை முடிந்த அன்றைக்கு சிமெண்ட் பூசுகிற கரணையைக் கழுவி, மஞ்சள் குங்குமம் வைப்பார். வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் ஜோடியாக நின்று, வேட்டி துண்டு, வெற்றிலை பாக்கு வைத்த தட்டை அவர் கையில் கொடுக்கணும். தட்டை வாங்கிவிட்டால் அந்த வீட்டில் மூன்று வருஷத்துக்கு மறுபடி கரணை வைக்கமாட்டார். அவருடைய அப்பா காலத்திலிருந்து வருகிற பழக்கமாம். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் தட்டு கொடுத்த மறுநாள், கதவு சாத்த வரவில்லை என்று அவரிடம் போய் நின்றிருக்கிறார். தட்டு வாங்கியாயிற்றே என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டாராம். அவர் வைத்த வேலையில் வேறு மேஸ்திரிகளும் கை வைக்கமாட்டார்கள், மரியாதையோ பயமோ தெரியாது. அந்த வீட்டுக் கதவுக்கு ரொம்ப நாளைக்கு ஒரு செங்கல்தான் தாழ்ப்பாள்.

வேலை ஆரம்பித்த அதே வாரம் இவருடைய அக்கா, என் நாத்தனார், வந்து சேர்ந்தார். வேப்பம்பட்டில் வாழ்க்கைப்பட்டவர். தன் வீட்டுக்காரரோடு பேச்சு நின்றுபோகும்போதெல்லாம் பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பேச்சு அடிக்கடி நிற்கும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். என் பங்கு பேச்சையும் சேர்த்து அவரே பேசிவிடுவார். நல்ல உயரம், நல்ல குரல். நான் அவருடைய தோளுக்குக் கீழே நிற்பேன். சந்தைக்குப் போனால் மழைக்கு அவர் பக்கத்தில் ஒதுங்கலாம் என்று இவர் கிண்டல் செய்வார்.

சுவர் எழும்பி, மேடை கட்டவேண்டிய நாள் வந்தது. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது இவர் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார்: இன்றைக்கு மேஸ்திரி உன்னைக் கூப்பிடுவார், போய் நில்லு, அளவு எடுத்துக்கொள்வார், வெட்கப்பட்டுக்கொண்டு எங்கேயாவது ஒளிந்துகொள்ளாதே. நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் எனக்கு எந்தக் காலத்திலும் கூச்சம் இருந்ததில்லை.

பத்து மணி வாக்கில் உள்ளேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. வீட்டுக்காரம்மாவை வரச் சொல்லுங்கள், நின்று அளவு கொடுக்கணும் என்றார். அவ்வளவுதான், நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஏற்கெனவே நிறைந்திருந்த குடத்தில் மறுபடியும் தண்ணீர் ஊற்றினேன். நாத்தனார் தேடிக்கொண்டு வந்தார். நான் கையாலேயே கும்பிட்டு, நீங்கள் போங்கள் அண்ணி என்று ஜாடை காட்டினேன்.

"நிக்கறதுக்கு இன்னாடி வெக்கம்? சும்மா நிக்கறதுதானே. நான் போறேன் போ" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

கதவு இடுக்கில் பார்த்தேன். போட்டோ எடுக்க நிற்கிற மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றார். மேஸ்திரி கையை மடக்கச் சொன்னார், மடக்கினார். சுவரில் ஒரு பென்சில் கோடு விழுந்தது. நாத்தனார் வெளியே வந்து, முடிஞ்சிடுச்சு என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அளவு என்றால் ஆளுக்கு ஆள் மாறாதா என்று கேட்பீர்கள். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை நின்று சமைக்கிற மேடையைக் கண்ணால் பார்த்ததில்லை. வாசக்கால் நிறுத்தும்போது வீட்டுப் பொம்பளை ஒருத்தி வந்து நின்று பூ வைப்பாள் இல்லையா, அந்த மாதிரி இதுவும் ஒரு சாங்கியம் என்றுதான் நினைத்தோம். யார் நின்றால் என்ன, குடும்பத்தில் ஒருத்தர் நின்றால் சரி. மூத்தவர் நின்றது இன்னும் விசேஷம் என்றுகூட எனக்குத் தோன்றியது. சாயங்காலம் இவர் வந்து, நின்னியா என்று கேட்டார். தலையை ஆட்டிவிட்டேன்.

வேலை நடந்த நாள்களில் நான் சும்மா இருக்கவில்லை. மண் சுமக்க இரண்டு சித்தாள் பொம்பளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களோடு எனக்குத் தாராளமாகப் பேச வரும். ஊர்க் கதை பேசிக்கொண்டே நானும் முந்தானையைச் சும்மாடு சுற்றி, கலவைச் சட்டி தூக்கினேன். நாற்றங்காலில் வளர்ந்த உடம்பு, அடுத்தவள் சுமக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்க வராது. நாத்தனார் முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கே பூசு, இங்கே தேய் என்று சொல்லிக்கொண்டிருப்பார். மேஸ்திரி அவரை வீட்டுக்காரம்மா என்று கூப்பிட்டு மரியாதையாகக் கேட்டுக்கொள்வார். என்னை "கட்டப் பொண்ணு, தண்ணி கொண்டா" என்பார். நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் என்னை யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரு நாளும் யோசனை போகவில்லை. தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.

மேடை எழும்பி, கடப்பா கல் உட்கார்ந்து, நாலைந்து நாள் தண்ணீர் காட்டி முடித்தார்கள். ஒரு மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தபோது நான் மெதுவாக உள்ளே போய் மேடை முன்னால் நின்றேன்.

கல் என் மார்புக்கு வந்தது.

மேடைக்கென்று புதிதாக வாங்கியிருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை அதன்மேல் வைத்து, ஸ்டவ்மேல் பானையை வைத்துப் பார்த்தேன். பானையின் அடி மட்டும் நன்றாகத் தெரிந்தது. சோறு வெந்ததா இல்லையா என்று பானையாகப் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. கையைத் தூக்கி கரண்டி போட்டேன், முழங்கை கல்லில் இடித்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வாழ்நாள் முழுக்க இதன் முன்னால்தான் நிற்கப்போகிறோம் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

நாத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் மேடை முன்னால் நின்று இல்லாத தோசையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். "கச்சிதமா கீதே" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். பென்சில் கோடு எதற்குப் போட்டார்கள் என்று அப்போதுதான் அவருக்கும் விளங்கியது. யாராவது வருகிறார்களா என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"உன் புருஷன் கைல சொல்லாத. என்னைத்தான் ஏசுவான்" என்றார் குரலைத் தாழ்த்தி. "நீ சின்னப் பொண்ணுதானே, இன்னும் கொஞ்சம் வளருவே."

எனக்கு அப்போது இருபது வயது.

இவரிடம் மறைக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. மேடை கொஞ்சம் உயரமாகத் தெரிகிறது, மேஸ்திரியிடம் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னேன். இவர் டீக்கடையில் அவரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எப்படிச் சொன்னாரோ. எங்கள் வீட்டுக்காரருக்கு மேஸ்திரி என்றால் உள்ளுக்குள் பயம். குறை சொன்ன மாதிரி இருக்கக்கூடாது என்று சிரித்துக்கொண்டே, மேடை நல்ல உயரம் என்று வீட்டில் பேசிக்கொள்கிறார்கள் என்றாராம். மேஸ்திரி மனசு குளிர்ந்துபோய், அவங்கதானே நைனா நின்னு அளவு குடுத்தாங்க, பிடிக்காமல் போகுமா என்றிருக்கிறார். மறுநாள் சந்தோஷத்தில் மேடையின் முன்பக்கம் சிமெண்டில் ஒரு தாமரைப்பூ வரைந்து வைத்தார். இவர் வந்து என்னிடம், நீதான் நின்று அளவு கொடுத்தாயாமே, அப்புறம் என்ன என்று கேட்டார். நான் தாமரைப்பூ அழகாக இருக்கிறது என்றேன்.

அடுத்து, நானாக ஒரு உபாயம் செய்தேன். உட்கார்ந்து சமைத்த பழைய மரப்பலகையைக் கொண்டுவந்து மேடை முன்னால் போட்டு வைத்தேன். ஏறி நின்றால்தான் எட்டுகிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும் என்று. மேஸ்திரி வந்து பார்த்தார். நல்ல இடத்தில் போட்டிருக்கிறார்கள் என்று அதன்மேல் உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டார். பலகை லேசாக ஆடியிருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கவிழ்த்துப் போட்டு, கட்டையைச் சீவி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, ஆடாமல் செய்து கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் அந்த மேடையிலேயே எல்லாருக்கும் டீ போட்டேன். பாத்திரத்துக்குள் தெரியாததால் எவ்வளவு தூள் விழுந்தது, பால் பொங்கியதா, ஒன்றும் தெரியவில்லை. குத்துமதிப்பாக இறக்கி வடிகட்டினேன். கறுப்பாக, காந்தல் வாசனையோடு வந்தது. இதைக் குடித்தாலாவது யாராவது ஏன் என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். மேஸ்திரி இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, டீன்னா இப்படி இருக்கணும் என்று சித்தாள்களுக்குச் சொன்னார்.

அந்த வியாழக்கிழமை வெள்ளையடிப்பும் முடிந்தது. நாளைக் காலையில் தட்டு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மேஸ்திரி போனார். இனி இவரிடம் உண்மையைச் சொன்னால் இவர் மேஸ்திரியிடம் சொல்லப்போவதில்லை, அக்காவிடம் சண்டை போடுவார், அதற்குள் விடிந்துவிடும். நாத்தனாரும் தானாகச் சொல்லமாட்டார். மீதி இருப்பது நான் ஒருத்திதான். நானோ, பஸ்ஸில் ஊர் பெயர் சொல்லத் தெரியாதவள்.

வெள்ளிக்கிழமை மேஸ்திரி குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பெட்டி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையோடு வந்தார். கரணை, ரசமட்டம் எல்லாவற்றையும் கழுவி வாழை இலையில் வைத்துப் பொட்டு வைத்தார். இவர் அரை நாள் லீவு போட்டிருந்தார். தட்டில் வேட்டி துண்டு, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்து, ஒரு பக்கம் இவரும் ஒரு பக்கம் நானுமாகப் பிடித்துக்கொண்டு முன்னே வந்தோம்.

மேஸ்திரி என்னைப் பார்த்துச் சிரித்தார். "கட்டப் பொண்ணு, நீ எதுக்கு இதெல்லாம் தூக்கிகினு வரே? ஊட்டுக்காரம்மாவக் கூப்பிடு."

"இவதான் மேஸ்திரி ஊட்டுக்காரி" என்றார் இவர்.

மேஸ்திரி என் நாத்தனாரைப் பார்த்தார். "அப்போ அவங்க?"

"எங்க அக்கா."

"ஒரு மாசமா என்னை இன்னான்னு நெனச்சிகினு கீறே நீ?" என்று கேட்டார் நாத்தனார். "அவன் என் தம்பிய்யா. மூக்கு ஒழுகிகினு திரிஞ்சப்போ இடுப்புல தூக்கிகினு நடந்தவ நானு."

சித்தாள் இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இவருக்குக் காது வரைக்கும் சிவந்துவிட்டது. மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்து, பார்த்து, மறுபடி காதிலேயே வைத்தார். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று யாரையும் பார்க்காமல் பொதுவாகச் சொன்னார். சீக்கிரம் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்திருப்பார், இரண்டு கையையும் நீட்டித் தட்டைப் பிடித்தார்.

இவர் கையை எடுத்துக்கொண்டார். நான் எடுக்கவில்லை.

வேண்டும் என்று செய்தேன் என்று சொல்லமுடியாது. விரல் விடவில்லை. மேஸ்திரி மெதுவாக இழுத்தார், தட்டோடு நானும் ஒரு அடி போனேன். மறுபடி இழுத்தார், ஒரு பாக்கு உருண்டு கீழே விழுந்தது. இவர் என் காதோரம் குனிந்து, "வுடு மே" என்றார். நான் தலையைக்கூட ஆட்டவில்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு கிட்டத்தில் வேற்று ஆம்பளை முகத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. புருவத்தில் ஒரு நரைமுடி இருந்தது.

"அடுப்பு எனக்கு எட்டல" என்றேன்.

மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். தெருவில் போனவர் நின்று திரும்பிப் பார்த்தார் என்று நாத்தனார் பிற்பாடு சொல்வார்.

மேஸ்திரி தட்டிலிருந்து கையை எடுத்தார். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். உள்ளே போய் மேடையைப் பார்த்தார். திரும்பி வந்தார். ரசமட்டத்தை எடுக்கவில்லை.

"அளவு குடுத்தது யாரு?" என்று கேட்டார்.

நாத்தனார் கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டே, தான்தான் நின்றதாகவும், யாராவது ஒருத்தர் நிற்கிற சாங்கியம் என்று நினைத்ததாகவும் சொன்னார்.

"சாங்கியமா?" மேஸ்திரி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "எத்தினியோ ஊடு கட்டிகீறேன். அளவ சாங்கியம்னு சொன்னது உங்க குடும்பம் ஒண்ணுதாம்மா."

இவர் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று இவருக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. யாரை முதலில் திட்டுவது என்று தெரியாமல் கீழே விழுந்த பாக்கைப் பொறுக்கினார். பிறகு ஈனக்குரலில், மேஸ்திரி, கரணையைக் கழுவிவிட்டீர்களே என்றார்.

மேஸ்திரி வாழை இலையில் குங்குமத்தோடு இருந்த கரணையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். எனக்குத் தெருக்கோடி வீட்டுக் கதவும் அந்தச் செங்கல்லும் கண்முன்னால் வந்தன. அவர் மெல்ல என் கையைப் பார்த்தார்.

"தட்டு யார் கையில கீது?"

"அவ கையிலதான்" என்றார் இவர்.

"அவங்க குடுக்கல, நான் வாங்கல. அப்போ வேலை நடந்துகினுதான் கீது." எழுந்து நின்றார். "ஆனா ஒண்ணும்மா. வேலை முடியறவரைக்கும் தட்டக் கீழ வெச்சிடாத. இவரு கைலயும் குடுக்காத. கை மாறிட்டா குடுத்த கணக்கு ஆயிடும். அப்புறம் நான் பொறுப்பில்ல."

முழக்கோலை எடுத்துவந்து என் முன்னால் தரையில் ஊன்றினார். நான் தட்டோடு சிலையாக நின்றேன். முழங்கை மடங்கி, தட்டு எந்த உயரத்தில் இருந்ததோ அந்த இடத்தில் கோலில் பென்சிலால் கோடு போட்டார். நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கூச்சப்படக்கூட நேரமில்லை. அசையாமல் இருந்ததற்காக நல்ல பொண்ணு என்றார். அந்த நாலு விநாடி வேலைக்குத்தான் நான் அன்றைக்குக் கிணற்றடிக்கு ஓடியது.

கடப்பா கல்லை நெம்பித் தூக்குவதற்குள் இவருக்கும் மேஸ்திரிக்கும் மூச்சு வாங்கிவிட்டது. ஆள்களை அவர் முந்தின நாளே கணக்கு முடித்து வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார், வந்திருந்தது மரியாதைக்கு வந்த சித்தாள்கள் இரண்டு பேர்தான். அவர்கள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அதையே இழுத்துச் செருகிக்கொண்டு கலவை குழைத்தார்கள். மேடைச் சுவரில் மேல்வரிசைச் செங்கல்களைத் தட்டித் தட்டி எடுத்தார் மேஸ்திரி. தாமரைப்பூவின் மேல் பாதி அதோடு போய்விட்டது. கீழ்ப் பாதி தங்கியது. பிற்பாடு வீட்டுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்து, மீன்வாலா என்று கேட்பார்கள். ஆமாம் என்போம். பழவேற்காட்டுப் பக்கத்து சொந்தக்காரர் ஒருவர், எந்த மீன் என்றுகூடச் சொன்னார்.

நான் தட்டோடு முற்றத்தில் நின்றேன், கால் வலித்தால் உட்கார்ந்தேன், மறுபடி நின்றேன். எனக்கு மூக்கு அரித்தது. நாத்தனார் சொறிந்துவிட்டார். பசித்தது, அவரே வாழைப்பழத்தை உரித்து வாயில் ஊட்டினார். தட்டிலிருந்த பழம் இல்லை, வேறே. தட்டிலிருந்த பழத்துக்கு ஒரு காகம் வந்தது, அதையும் அவர்தான் விரட்டினார். அவர்மேல் எனக்கிருந்த கோபம் எல்லாம் அதில் போய்விட்டது. அவருக்கும் அது தெரிந்திருக்கும்.

"இம்மாம் நாளா எனக்கு சைகை காமிச்சிகினு இருந்தியே, அந்த வாய இன்னைக்கு எங்கேந்து வாங்கினு வந்தே?" என்று கேட்டார்.

"தெரியல அண்ணி" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை.

கல் மறுபடி உட்கார்ந்து, ஓரம் பூசி முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. இவருடைய அரை நாள் லீவு முழு நாள் ஆகிவிட்டது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டார், இந்தத் தடவை "ஊட்டுக்காரம்மா" என்று. தட்டோடு போய் மேடை முன்னால் நின்றேன். தட்டின் அடி கல்லில் படாமல் ஒரு விரல் உயரத்தில் நின்றது. குனிந்து பார்த்து அவர் தலையை ஆட்டினார். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கரணையை மறுபடி கழுவி, மறுபடி பொட்டு வைத்தார். இவர் வந்து என் பக்கத்தில் தட்டைப் பிடித்தார். என் கை மரத்துப்போயிருந்தது, எது தட்டு எது விரல் என்று தெரியவில்லை.

மேஸ்திரி உடனே கை நீட்டவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"வேற எதுனா கீதாம்மா? இருந்தா இப்பவே சொல்லிடு. வாங்கிட்டா நான் வரமாட்டேன்."

இருந்தது. உள்ளே நின்றபோதுதான் கவனித்தேன். மேடைக்கு மேலே வைத்திருந்த ஜன்னலின் கதவை உள்பக்கமாகத் திறக்கும்படி வைத்துவிட்டார்கள். திறந்தால் அதன் மூலை நேராக என் நெற்றிக்கு வருகிறது. என் நாத்தனாருக்கு மோவாய்க்குக் கீழே போய்விடும், அதனால் யாருக்கும் தெரியவில்லை. சொல்ல வாய் வந்தது, இப்போது வார்த்தை தொண்டையில் உட்காரவும் இல்லை. ஆனால் அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க சிமெண்ட் தண்ணீர். எண்ணெய் வைத்த தலையில் செங்கல் தூள் அப்பி, ஈர மண் சட்டி கவிழ்த்த மாதிரி இருந்தது. பசிக்கிறது என்றுகூட அவர் சொல்லவில்லை.

"ஒண்ணும் இல்ல மேஸ்திரி. நல்லா கீது" என்றேன்.

தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ரசமட்டத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அவர் போனார். தெருமுனை வரைக்கும் இவர் கூடப் போனார். நான் உள்ளே போய் நின்றுகொண்டே உலை வைத்தேன். புழுக்கமாக இருக்கிறதே என்று ஜன்னல் கதவைத் திறந்தேன், முட்டிக்கொண்டேன். அது என் நெற்றி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.